ஃப்யூஸ் எண் முப்பத்தேழு

வண்டி தூங்கினால்தான் அளக்க முடியும்.
கதவுப் பூட்டின் நாக்கை
ஸ்க்ரூடிரைவரால் மடக்கி
மூடியிருப்பதாய் அதை நம்பவைத்து,
சாவியைத் தெரு தாண்டி
கரக் டீக்கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு
நாற்பது நிமிடம்
எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும்.

ஷார்ஜா, சனையா பத்து.
ஆகஸ்ட். இரவு பதினொன்று.
மீட்டரின் கண்ணாடிக்கும் வியர்க்கிறது.

இரண்டாயிரமாம் வருடத்துக் கறுப்பு ஜெர்மன் வண்டி.
பின்சீட்டுக்குத் தனி ஏசி, தனித் திரைச்சீலை,
முதுகை அமுக்கிவிட மோட்டார்.
புதிதில் இதன் விலைக்கு
இந்தத் தெருவில் பாதி ஷட்டர் வாங்கியிருக்கலாம்.
இத்ரீஸ் வாங்கியது பதினோராயிரம் திர்ஹாமுக்கு.
சூடான்காரர். கோழித் தீவனக் கம்பெனியில் கணக்கு.
பின்சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை,
யார் ஓட்டுவது?

தினமும் காலையில் பிணம்.
முதல் கராஜ் பேட்டரி மாற்றியது.
அடுத்தது ஆல்டர்னேட்டர்.
மூன்றாமவன் மறுபடியும் பேட்டரி மாற்றிவிட்டு
'கடல் காற்று' என்றான்.

சீட் மாட்யூல் என்று நினைத்தது நான்.
பழைய பாகங்கள் யார்டில்
குல்மரான் கான் ஏணி போட்டு ஏறி
மூன்றை உருவிப் போட்டான்.
எண் எல்லாம் ஒன்றே, கடைசி இரண்டு இலக்கம் தவிர.
பன்னிரண்டுக்குப் பழுப்புப் பிளக்.
பதினாறுக்குக் கறுப்பு.
'ஸதீக், அதே வண்டி, அதே வண்டி!'
நெஞ்சில் கை வைக்கிறான்.
அதே வண்டிதான்.
முகம் இல்லாமல் நாலடுக்காய்க் கிடக்கின்றன.
ஒன்றின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தும்,
ஒன்றின் வயர் இன்னொன்றோடு பேசாது.
நூற்றெண்பது கேட்டான், எழுபதுக்கு முடித்தேன்.
மாட்டினேன்.
காலையில் பிணம்.

ஆகவே இன்று இந்தக் காவல்.
பூஜ்யம் புள்ளி எட்டு ஆம்பியர்.
தூங்குகிற வண்டி இவ்வளவு தின்னாது.
ஒவ்வொரு ஃப்யூஸாய்ப் பிடுங்குகிறேன்,
எண்ணைப் பார்க்கிறேன், திரும்பச் செருகுகிறேன்.
ரேடியோ இல்லை. கண்ணாடி இல்லை. திரைச்சீலை பாவம், இல்லை.
டிக்கிப் பெட்டியில் முப்பத்தேழு.
பிடுங்கியதும்
ஏணியில் கால் தவறியவன் மாதிரி
எண் சரிந்து விழுந்து
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்றில் கிடந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
பின்சீட்டுக் கைதாங்கிக்குள்
சுருள் வயரோடு ஒரு ஃபோன்.
யாரோ ஒரு முதலாளியுடையது.
சிம் கிடையாது. டிக்கியிலிருக்கும் அதன் டப்பா மட்டும்
மூன்று நிமிடத்துக்கொரு தரம் விழித்து
டவரைக் கூப்பிட்டு, காத்திருந்து,
மறுபடி கூப்பிட்டு
இப்படியே விடியும்வரை
மொத்த பேட்டரியையும் குடித்திருக்கிறது.

காலையில் சொன்னேன்.
'யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது?' என்றார் இத்ரீஸ்.
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
அவர் கையிலிருந்த திரையில்
ஒரே பெயர், மேலிருந்து கீழ்வரை சிவப்பாய்.
ஓம்துர்மான் எண்.
நான் பில் புத்தகத்தைத் தேடுவதுபோல்
உள்ளே போய்விட்டேன்.

பில்லில் மூன்று கட்டம்:
பொருள், எண்ணிக்கை, விலை.
மாட்டியது ஒன்றுமில்லை, கழற்றியதுதான்.
எழுதக் கட்டமில்லை.
லேபர் நூற்றைம்பது என்று போட்டேன்.
ரூலருக்கும் பேரம் பேசுகிற மனிதர்,
அன்று எண்ணிக் கொடுத்துவிட்டார்.
பிறகு அந்த ஃப்யூஸைக் கேட்டார்.
பத்து ஆம்பியர், சிவப்பு.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்:
உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை திரும்ப வந்தார்.
முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆகிறதாம்.
முன்பக்கம் இடது சக்கரம் மட்டும்
ராத்திரியில் ஒட்டகம் மாதிரி மண்டியிடுகிறதாம்.
ஏர் சஸ்பென்ஷன்.
குல்மரானிடம் இருக்கும், என்றேன்.
போன் போட்டுக் கேளுங்கள்,
கடைசி இரண்டு இலக்கம் என்னவென்று.